கிரஹாம் பெல் தேடிய குண்டு

மினி ப்ராஜெக்ட் லிஸ்ட் ஒட்டும்போது நோட்டீஸ் போர்டு முன்னாடி நின்னவங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் ரெண்டு டீமாவது மெட்டல் டிடெக்டர் எடுக்கும். ஏன்னு கேட்டா சர்க்யூட் சின்னது, பார்ட்ஸ் ஈஸியா கிடைக்கும், வைவாவில் ரொம்பக் கேள்வி வராதுன்னு சொல்வாங்க. வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒண்ணு இருக்கு. தங்கம். 1980-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிங்கோவர் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், மெட்டல் டிடெக்டரை வைத்துத் தேடிய ஒருவருக்கு 27 கிலோவுக்கும் மேலான ஒரே தங்கக் கட்டி கிடைத்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு காயில் சுற்ற ஆரம்பித்தவர்களில் நானும் ஒருத்தன். (ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: நம்ம நாட்டில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்லியாகணும். 1878-ல் வந்த சட்டம்.)

அந்தச் சட்டம் வந்து மூணு வருஷம் கழித்து, நாம இன்னிக்குக் கையில் பிடிக்கிற டிடெக்டரின் தாத்தா என்று சொல்லத்தக்க ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் அமெரிக்க ஜனாதிபதியின் படுக்கையறைக்குள் போனார். அவர் தேடியது தங்கம் இல்லை, ஈயம். படுத்திருந்த மனிதரின் உடம்புக்குள் எங்கேயோ இருந்த ஒரு துப்பாக்கிக் குண்டு. தேடியவர் பேர் உங்களுக்கு ஒண்ணாங்கிளாஸ் பொது அறிவுப் புத்தகத்திலிருந்தே தெரியும். அலெக்சாண்டர் கிரஹாம் பெல்.

டெலிபோன் என்ற ஒரு வார்த்தையோடு நாம அவரை முடிச்சுடறோம். அது பாவம். அவருடைய வாழ்க்கையில் நம்மளை மாதிரி சோல்டரிங் அயர்ன் பிடிக்கிறவங்களுக்கு டெலிபோனைவிட நெருக்கமான பகுதி 1881-ஆம் வருஷத்துக் கோடைக்காலம்தான். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும்.

1847 மார்ச் 3 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். தாத்தா பேரும் அலெக்சாண்டர் பெல், அப்பா பேரும் அலெக்சாண்டர். இவருக்கும் அதே பேர். நம்ம ஊரா இருந்தா இனிஷியல் வைத்துச் சமாளித்திருப்பாங்க. அவர் அப்பாவிடம் நச்சரித்து, 11-வது பிறந்தநாள் பரிசாக ‘கிரஹாம்’ என்ற நடுப்பெயரை வாங்கிக்கொண்டார். 12 வயதில், நண்பனின் அப்பா நடத்திய மாவு மில்லில் கோதுமை உமியை நீக்க ஒரு சுழலும் பிரஷ் இயந்திரம் செய்து கொடுத்தார். அண்ணனோடு சேர்ந்து பேசுகிற பொம்மைத் தலை ஒன்று செய்தார். வீட்டு நாயின் தாடையைக் கையால் அசைத்து, அது உறுமும்போது வார்த்தை மாதிரி சத்தம் வரவைத்தார்.

இதெல்லாம் சேட்டைதான். ஆனால் அந்த வீட்டில் சத்தம் என்பது விளையாட்டு விஷயம் இல்லை. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் குழல் வைத்துக் கத்திப் பேசும்போது, பையன் அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவான். எலும்பு வழியாக அதிர்வு போகும் என்று அவனுக்கு யாரும் பாடம் நடத்தியிருக்கவில்லை. அப்பாவோ பேச்சு சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர். நாக்கும் உதடும் எந்த நிலையில் இருந்தால் எந்த ஒலி வரும் என்று எழுத்து வடிவமே உருவாக்கியவர்.

பிறகு துக்கம் வந்தது. 1867-ல் தம்பி, 1870-ல் அண்ணன். இரண்டு பேரையும் காசநோய் கொண்டுபோனது. மிச்சம் இருக்கும் ஒரே பிள்ளையைக் காப்பாற்ற அப்பா குடும்பத்தோடு கனடாவுக்குக் கப்பல் ஏறினார். அடுத்த வருஷம் பெல் பாஸ்டன் நகரத்துக்குப் போய், காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். (சைகை மொழிக்குப் பதிலாகப் பேச்சைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதால், காது கேளாதோர் சமூகத்தில் இன்றும் அவர் மேல் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.) பகலில் பாடம், ராத்திரியில் கம்பி, பேட்டரி, காந்தம்.

எலக்ட்ரிகல் பற்றி அவருக்கு நம்ம செகண்ட் இயர் அளவுக்குக்கூட முறையான படிப்பு கிடையாது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஜெர்மன் மொழியில் எழுதிய ஆராய்ச்சியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், அவர் உயிரெழுத்து ஒலிகளைக் கம்பி வழியாக அனுப்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் அப்படி எதுவும் செய்யவில்லை. அவர் செய்துவிட்டார், நம்மாலும் முடியும் என்ற தப்பான நம்பிக்கையில்தான் இவர் வேலையே ஆரம்பித்தார். வாட்சன் என்ற மெக்கானிக் துணைக்கு வந்தார். 1876 மார்ச் 7-ல் பேட்டன்ட், மூணு நாள் கழித்து மார்ச் 10-ல் முதல் பேச்சு. இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். எலிஷா கிரே சண்டை, பல வருஷம் நீண்ட வழக்குகள், எல்லாம் தனிக் கட்டுரை.

முதலீடு பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். 1877 ஜூலையில் பெல் தன் மாணவியாக இருந்த மேபலைக் கல்யாணம் செய்தார். ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் காது போனவர் மேபல். கல்யாணப் பரிசாகத் தன் டெலிபோன் கம்பெனி பங்குகளில் 10-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அவர் பேரில் எழுதிவிட்டார். கணக்குவழக்கைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் மேபல்தான். இவருக்குக் காசு கையில் இருந்தால் காயில் கம்பியாக மாறிவிடும். 1880-ல் பிரான்ஸ் கொடுத்த வோல்டா பரிசு 50,000 ஃபிராங்க் அப்படித்தான் வாஷிங்டனில் ஒரு ஆய்வுக்கூடமாக மாறியது.

இப்போ 1881-க்கு வருவோம்.

ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையம். பதவியேற்று நாலு மாதமே ஆன ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை, வேலை கிடைக்காத ஆத்திரத்தில் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து சுட்டான். ஒரு குண்டு கையை உரசிப் போனது. இன்னொன்று முதுகின் வலது பக்கம் நுழைந்து உள்ளேயே நின்றுவிட்டது. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 14 வருஷம் இருந்தது. அதனால் டாக்டர்கள் அப்போது தெரிந்த வழியில் தேடினார்கள். விரலால். ஸ்டேஷன் தரையிலேயே, கழுவாத விரலை, கழுவாத கம்பியைக் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள். கிருமி பற்றி லிஸ்டர் இங்கிலாந்தில் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் பெரிய டாக்டர்கள் நிறைய பேர் அதை நம்பவில்லை.

சிகிச்சையின் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டவர் பிளிஸ் என்ற மருத்துவர். அவருக்குப் பெற்றோர் வைத்த முதல் பெயரே ‘டாக்டர்’. விளையாட்டு இல்லை, உண்மை. குண்டு வலது பக்கம், கல்லீரல் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

பெல்லுக்கு அப்போது 34 வயது. பாஸ்டன் பக்கம் இருந்த மேபல் மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். செய்தித்தாளில் டாக்டர்கள் குண்டைத் தேடித் தடுமாறுவதைப் படித்த பெல்லுக்கு ஒரு பழைய தலைவலி ஞாபகம் வந்தது.

அந்தத் தலைவலி என்ன தெரியுமா? நாய்ஸ். ஆரம்பகால டெலிபோன் கம்பிகள் தந்திக் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே ஓடின. தந்தி அடிக்கும்போதெல்லாம் டெலிபோனில் படபடவென்று கேட்கும். அதை அடக்க, ஒன்றின் தாக்கத்தை இன்னொன்று ரத்து செய்கிற மாதிரி கம்பிகளையும் காயில்களையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். (இரண்டு கம்பிகளை முறுக்கி ஓட்டுகிற ட்விஸ்டட் பேர் பேட்டன்டும் அவருடையதுதான், அதே 1881-ல். ஹாஸ்டல் லேன் கேபிளை உரித்துப் பாருங்க, உள்ளே இருக்கும்.) அப்படிச் சமன் செய்த காயில்களுக்குப் பக்கத்தில் ஒரு உலோகத் துண்டைக் கொண்டுபோனால் சமநிலை குலைந்து, செத்திருந்த சத்தம் மறுபடி உயிர் பெறும். அன்று தொந்தரவாக இருந்த அதே விஷயம் இப்போது உதவிக்கு வந்தது.

லண்டனில் டேவிட் ஹியூஸ் 1879-லேயே இந்தத் தத்துவத்தில் ‘இன்டக்ஷன் பேலன்ஸ்’ செய்திருந்தார். அதை அவர் வைத்து என்ன காட்டினார் என்பதில் நம்ம தங்கம் மறுபடி வருகிறது. காசுகளைச் சோதித்துக் காட்டினார். ஒரே மாதிரி இரண்டு நாணயத்தை இரண்டு பக்கமும் வைத்தால் அமைதி. ஒன்று கள்ளநாணயமாகவோ தேய்ந்ததாகவோ இருந்தால் சத்தம். அரசு நாணயச்சாலையின் வேதியியல் நிபுணர்கூட உலோகக் கலவைகளை இதில் ஆராய்ந்தார். இன்றைக்குத் தங்க பிஸ்கட் விற்கும் இடங்களில் கட்டியைச் சுரண்டாமல் சோதிக்க உதவும் ஒரு வகைக் கருவியின் அடிப்படையும் இதேதான். டங்ஸ்டனும் தங்கமும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. தராசும் தண்ணீரும் ஏமாந்துபோகும். ஆனால் மின்சாரம் கடத்துவதில் டங்ஸ்டன் தங்கத்தில் பாதிகூட வராது. காயில் கண்டுபிடித்துவிடும்.

வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு தட்டையான காயில். ஒன்றில் பேட்டரி மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டி வெட்டி அனுப்பணும். இன்னொன்றில் டெலிபோன் ரிசீவர். இரண்டையும் கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல வைத்து நகர்த்திக்கொண்டே போனால், ஒரு இடத்தில் முதல் காயிலின் காந்தப்புலம் இரண்டாவதில் கூட்டிக்கழித்து பூஜ்யமாகும். ரிசீவர் ஊமையாகிவிடும். இப்போ பக்கத்தில் உலோகம் வந்தால் அதில் எட்டி கரண்ட் ஓடும், அது தன் பங்குக்கு ஒரு புலம் கிளப்பும், பூஜ்யம் உடையும். ரிசீவரில் மெல்லிய ரீங்காரம். இன்றைய டபுள்-டி காயில் டிடெக்டர் வைத்திருப்பவர்கள் காயிலை உற்றுப் பாருங்கள், அதே வடிவம்.

பெல்லின் பிரச்சினை ஈயம். செம்பின் கடத்துதிறன் 100 என்றால் தங்கம் 70-க்கு மேல், ஈயம் வெறும் 8 சொச்சம். உடம்புக்குள் சில அங்குல ஆழத்தில் ஒரு சின்ன ஈய உருண்டை. கார்ஃபீல்டை ஒரு தங்கக் குண்டு துளைத்திருந்தால் பெல்லின் வேலை எவ்வளவோ சுலபம் என்று சொல்வது கொஞ்சம் குரூரமான ஜோக்தான்.

ஜூலை நடுவில் வாஷிங்டன் போய், டெய்ன்டர் என்ற உதவியாளரோடு ராப்பகலாக உட்கார்ந்தார். காயில் மாற்றி, கம்பி மாற்றி, பேட்டரி மாற்றி. மாமிசத் துண்டுக்குள் குண்டைப் புதைத்துத் தேடினார்கள். மூடிய கைக்குள், வாய்க்குள் குண்டை ஒளித்து வைத்துத் தேடினார்கள். உள்நாட்டுப் போரில் வாங்கின குண்டை இன்னும் உடம்பில் சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களை அழைத்துவந்து தேடினார்கள். கிடைத்தது. தூரம் போதவில்லை என்று இன்னும் மாற்றினார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் ரோலண்ட் சொன்ன யோசனைப்படி ஒரு கெப்பாசிட்டர் சேர்த்தார்கள். சத்தம் தெளிவானது.

ஜூலை 26 சாயங்காலம் முதல் சோதனை, வெள்ளை மாளிகையில். வெயிலைத் தணிக்க, கடற்படை இன்ஜினியர்கள் ஐஸ் மேல் காற்றை ஊதி அறைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். படுக்கையில் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்த ஜனாதிபதி. சுற்றிலும் டாக்டர்கள். ரிசீவரைக் காதில் வைத்த பெல்லுக்குக் கேட்டதோ விட்டுவிட்டு ஒரு பொரிகிற சத்தம். ஆய்வுக்கூடத்தில் ஒருமுறைகூட வராத சத்தம். எந்த இடத்திலும் நிச்சயம் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து பிரித்துப் பார்த்தால், அவசரத்தில் கெப்பாசிட்டரைத் தப்பாக, ஒரு பக்கத்துக்கு மட்டும் இணைத்திருக்கிறார்கள்.

ரிவ்யூ அன்னிக்குக் காலையில் ஒயர் மாற்றிக் குத்தினவங்களுக்கு இந்த இடம் வயிற்றைக் கலக்கும்.

ஆகஸ்ட் 1, இரண்டாவது சோதனை. இந்த முறை கருவி சரியாக இருந்தது. பிளிஸ் காட்டிய வலது பக்கத்தில் காயிலை நகர்த்தினார். சத்தம் வந்தது. மெல்லியதுதான், ஆனால் வந்தது. சிக்கல் என்னவென்றால், குண்டு இருக்கும் ஒரு புள்ளியில் மட்டும் வர வேண்டிய சத்தம் பரந்த ஒரு பகுதி முழுக்கக் கேட்டது. பெல்லுக்கு உறுத்தியது. டாக்டர்களுக்கு உறுத்தவில்லை. தாங்கள் சொன்ன இடத்திலேயே குண்டு இருப்பது மின்சாரக் கருவியால் உறுதியாகிவிட்டது என்று செய்தி வெளியானது.

பெல் தூங்கவில்லை. மறுநாளே வெள்ளை மாளிகைக்குப் போய், படுக்கைக்குப் பக்கத்தில் உலோகம் எதுவும் இல்லை என்பது நிச்சயம்தானா என்று விசாரித்தார். அப்போதுதான் தெரிந்தது. ஜனாதிபதி படுத்திருந்த குதிரைமுடி மெத்தைக்கு அடியில் இன்னொரு மெத்தை இருந்தது. எஃகுக் கம்பியால் பின்னிய மெத்தை. அந்தக் காலத்தில் அது புதுசு, எல்லா வீட்டிலும் இருக்காது. யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. அதே மாதிரி ஒரு மெத்தையை வாங்கி ஆய்வுக்கூடத்தில் போட்டுச் சோதித்தார்.

நான் செய்த டிடெக்டரை முதல்முதலில் ஆன் செய்தது ஹாஸ்டல் ரூமில், கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டு. பஸ்ஸர் நிற்கவே இல்லை. அரை மணி நேரம் ஐசியைச் சந்தேகப்பட்டேன், பிறகு புரோகிராமைச் சந்தேகப்பட்டேன். ரூம்மேட் வந்து, “டேய், இரும்புக் கட்டில்டா” என்றான். அதனால் பெல்லைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. என் கட்டிலில் யாரும் சாகக் கிடக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

மெத்தை ஒரு பிழை. அதைவிடப் பெரிய பிழை கருவியில் இல்லவே இல்லை. பெல்லைத் தேட விட்டது வலது பக்கம் மட்டும். குண்டு இருந்ததோ இடது பக்கம், கணையத்துக்குப் பின்னால். இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் அவரைக் கூப்பிட்டார்கள் என்று நாம நினைக்கிறோம். நடந்ததைப் பார்த்தால், ஏற்கெனவே சொல்லிவிட்ட இடத்துக்கு ஒரு சான்றிதழ் வாங்கக் கூப்பிட்ட மாதிரிதான் இருக்கிறது. பெல்லின் இடத்தில் நீங்க இருந்தா என்ன செய்திருப்பீங்க? ஜனாதிபதியின் தலைமை டாக்டரிடம், எதற்கும் அந்தப் பக்கமும் ஒருமுறை பார்க்கட்டுமா என்று வற்புறுத்தியிருப்பீங்களா? லேபில் எச்ஓடி நிற்கும்போது ஆசிலோஸ்கோப் ப்ரோபை நகர்த்தவே நமக்குக் கை வருவதில்லை.

ஆகஸ்ட் 15 அன்று மேபலுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. எட்வர்ட் என்று பெயர் வைத்தார்கள், இறந்துபோன தம்பியின் பெயர். சரியாக மூச்சு விட முடியாமல் அன்றைக்கே போய்விட்டது. வாரக்கணக்காகக் கணவர் வேறு ஒருவரின் உயிருக்காக ஊர் தாண்டி உழைத்துக்கொண்டிருந்த கோடை அது. பெல் அந்தத் துக்கத்தைத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் எடுத்துக்கொண்டார். மார்பைச் சுற்றிக் காற்றுப்புகாத உறையை மாட்டி, பம்பால் காற்றை இழுத்தும் விட்டும் மூச்சு விடவைக்கும் ஒரு கருவியைச் செய்ய ஆரம்பித்தார். பின்னாளில் போலியோ நோயாளிகளைக் காப்பாற்றிய இரும்பு நுரையீரலுக்கு அது ஒரு முன்னோடி.

கார்ஃபீல்ட் செப்டம்பர் 19 அன்று இறந்தார். சுடப்பட்டு 79 நாள். பிரேதப் பரிசோதனையில்தான் குண்டு இடது பக்கம் கிடைத்தது. அதைச் சுற்றி உடம்பே ஒரு உறை கட்டி வைத்திருந்தது. டாக்டர்கள் குண்டின் பாதை என்று நினைத்து வலது பக்கம் துழாவிய நீண்ட பள்ளம், சீழ் பிடித்து உண்டானது. குண்டைத் தொடாமல் விட்டிருந்தால், பெல் சோதித்துப் பார்த்த அந்தப் பழைய சிப்பாய்களைப் போல அவரும் குண்டோடு வாழ்ந்திருக்கலாம் என்பதுதான் இன்று பல மருத்துவர்களின் கருத்து.

ஊரில் பெல்லின் கருவி தோற்றது என்றே பேச்சு. விளம்பரத்துக்காகச் செய்தார் என்றவர்களும் உண்டு. அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1882-ல் அமெரிக்க அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் கூட்டத்தில், எந்தக் காயில், எந்த வடிவம், எங்கே தப்பு செய்தோம், கெப்பாசிட்டர் விஷயம், மெத்தை விஷயம், எல்லாவற்றையும் ஒளிக்காமல் கட்டுரையாக வைத்தார். தோற்றுப்போன ப்ராஜெக்ட்டுக்கு இவ்வளவு முழுமையான ரிப்போர்ட் நான் பார்த்ததில்லை. கூடவே இன்னொரு எளிய கருவியும் செய்தார். டெலிபோனோடு இணைத்த ஒரு மெல்லிய ஊசி. உடம்புக்குள் அது உலோகத்தைத் தொட்டால் ரிசீவரில் ‘டிக்’ என்று கேட்கும். எக்ஸ்ரே வரும்வரை அறுவைச் சிகிச்சை நிபுணர்களுக்கு அது பயன்பட்டது. அதற்காக ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் 1886-ல் அவருக்கு மருத்துவத்தில் கௌரவப் பட்டம் கொடுத்தது.

அதுக்குப் பிறகு 40 வருஷம் வாழ்ந்தார். கனடாவின் பேடெக் ஊருக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, பெரிய பெரிய பட்டம் விட்டார், ஆடு வளர்த்து ஆராய்ந்தார். விமானம் செய்ய இளம் இன்ஜினியர்களைச் சேர்த்தபோது, தன் சொத்தில் ஒரு பகுதியை விற்றுப் பணம் கொடுத்தவர் மேபல். தன் வேலை அறையில் மட்டும் டெலிபோன் வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார். தொந்தரவாம்.

1922 ஆகஸ்ட் 2 அன்று இறந்தார். இரண்டு நாள் கழித்து அடக்கம் நடந்த சாயங்காலம், வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன் சர்வீஸை ஒரு நிமிஷம் நிறுத்தி வைத்தார்கள். லட்சக்கணக்கான ரிசீவர்களில் ஒரே நேரத்தில் எந்தச் சத்தமும் இல்லை.